பழைய ரேமைக் கழற்றிப் படித்துவிட்டுப் புதுசு வாங்குங்கள்

"ரேம் எல்லாம் ஒண்ணுதாண்ணே, ஸ்லாட்டுல உக்காந்தா வேலை செஞ்சிரும்." மலேசியாவில் பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் கணினி மெதுவாகிவிட்டது என்று யார் பேச்செடுத்தாலும், கூட இருக்கிற ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அந்த ஒரு வாக்கை நம்பி முப்பது, நாற்பது வெள்ளியை (ரிங்கிட்) தொலைத்த வீடுகளை எனக்குத் தெரியும். அதைவிட மோசம், நன்றாக இருக்கிற கணினியையே "போர்டு போச்சு", அதாவது மதர்போர்டே கெட்டுவிட்டது, என்று மூலையில் துணி போட்டு மூடி வைத்த வீட்டையும் தெரியும். கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் எல்லாம் ஒன்று இல்லை. எது சேரும், எது சேராது என்பது குத்துமதிப்பாகப் பார்க்கிற விஷயமும் இல்லை. கணினிக்குள் ஏற்கனவே இருக்கிற ரேமின் மேலேயே அது எழுதி ஒட்டியிருக்கிறது. அதைப் படிக்க நம் ஆட்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஏன் இது இவ்வளவு அடிக்கடி வருகிறது என்றால், இந்த ஊரில் இருக்கிற கணினிகள் வந்த வழி அப்படி. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, பள்ளிக்கூடம் மூடியது, பிடிபிஆர் என்று வீட்டிலிருந்தே பாடம் ஆரம்பித்தது. தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்து, ஆளுக்கொரு கைப்பேசியோடு ஓட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள், கையில் இருந்த காசுக்கு எது கிடைத்ததோ அதை வாங்கினார்கள். கிடைத்தது பெரும்பாலும் பழைய அலுவலகக் கணினிகள். ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கம்பெனிகள் மாற்றித் தள்ளிய டெல், எச்பி, லெனோவோ பெட்டிகளைத் துடைத்து, விண்டோஸ் 10 போட்டு விற்றார்கள். நாலாம் தலைமுறை அல்லது ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 ப்ராசசர், 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க். உடம்பு கெட்டியான இயந்திரங்கள். ஆனால் 4 ஜிபி அன்றைக்கே பற்றாக்குறை, இன்றைக்குக் கேட்கவே வேண்டாம்: பிரௌசரில் நாலு பக்கம் திறந்து, கூடவே ஒரு ஸ்லைடு கோப்பையும் திறந்தால் மௌஸ் நின்று நின்று நகரும். அப்போதுதான் "ரேம் போடு" என்கிற யோசனை வருகிறது. யோசனை சரியானதுதான். எதைப் போடுவது என்ற இடத்தில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்காவின் மகள் படிவம் ஆறு. எஸ்டிபிஎம் தேர்வுக்கான கெர்ஜா குர்சுஸ், அதாவது பாட ஒப்படைப்பு வேலை முழுக்க அந்த வீட்டு ஐ5 பெட்டியில்தான் நடந்தது. கணினி இழுக்க ஆரம்பித்ததும் அந்தப் பெண்ணே இணையத்தில் தேடி, "8ஜிபி டிடிஆர்3 1600 டெஸ்க்டாப் ரேம்" என்று இருந்ததில் மிக மலிவானதை ஆர்டர் போட்டிருக்கிறாள். மற்றதெல்லாம் இரண்டு மடங்கு விலை. படத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். பொட்டலம் வந்தது, பழசைக் கழற்றிப் புதுசை அமுக்கினாள், கச்சிதமாக உட்கார்ந்தது. பவரை அழுத்தினால் காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பட்டணத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடையில் புது ரேமோடு அப்படியே சொருகிப் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு, பழைய மாடல், போர்டு கிடைக்காது, புது செட்டா எடுத்துருங்க" என்று ஆயிரத்து இருநூறு வெள்ளிக்கு ஒரு விலையையும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அக்கா என்னிடம் வந்தபோது கணினியைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி, ஆயிரத்து இருநூறு சரியான விலையா, இன்னும் கொறைச்சுக் கேக்கலாமா?" என்றுதான் கேட்டார்.

பழைய ரேம் எங்கே என்று கேட்டேன். மகள் அதைக் குப்பையில் போடாமல், புதுசு வந்த உறைக்குள்ளேயே பத்திரமாக வைத்திருந்தாள். அதைத் திரும்பச் சொருகினோம். திரை வந்துவிட்டது. போர்டு போகவில்லை, ஒன்றுமே போகவில்லை. இதை நேரில் பார்க்கும்வரை அக்கா முகத்தில் இருந்த கலக்கம், பார்த்தபிறகு கோபமாக மாறியது. "அப்ப அந்த ரேம் கெட்டுப்போனதா?" அதுவும் இல்லை. அங்கேதான் நான் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருந்தது.

டிடிஆர் எண் என்பது ரேமின் தலைமுறை. அக்கா வீட்டுப் பெட்டி நாலாம் தலைமுறை இன்டெல், அது டிடிஆர்3 எடுக்கும். புது ரேமும் டிடிஆர்3. இரண்டுக்கும் 240 பின், நடுவில் இருக்கிற வெட்டு ஒரே இடத்தில். வேகம் 1600, அதுவும் சரி. சிப் எண்ணிக்கையைப் பார்த்தால் புதுசில் இரண்டு பக்கமும் சேர்த்து 16. சாதாரண 8 ஜிபி ஸ்டிக்கிலும் 16-தான் இருக்கும், அதனால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. லேபிளில் பெரிசாக 8 ஜிபி என்றும் 1600 என்றும் போட்டிருந்தது. வழக்கமாக ஒரு ரேம் லேபிளில் இருக்க வேண்டிய ஒரு வரி மட்டும் காணோம். அப்புறம் கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சிப்பைச் சாய்த்துப் பிடித்து, கறுப்பு மேல் சாம்பலாகப் பொறித்திருந்த எழுத்தைப் படித்தோம். சாம்சுங் சிப். கே4பி4ஜி0446 என்று தொடங்கியது. பழைய ஸ்டிக்கில் இருந்ததும் சாம்சுங்தான், அதில் கே4பி4ஜி0846. மகள் இரண்டையும் ஒரு தாளில் கீழ்மேலாக எழுதினாள். ஒரே ஒரு எண்தான் வேறு. ஒன்றில் 04, இன்னொன்றில் 08. திரை கறுப்பானதற்குக் காரணம் அந்த இடத்தில் இருந்தது.

அந்த 04-க்கு என்ன அர்த்தம் என்றால், ஒவ்வொரு சிப்பும் ஒரு தடவைக்கு 4 பிட்தான் கொடுக்கும். 08 என்றால் 8 பிட், 16 என்றால் 16 பிட். ப்ராசசருக்கு ஒரு தடவைக்கு 64 பிட் வேண்டும். எட்டு பிட் சிப் என்றால் எட்டு சேர்ந்தால் ஒரு வரிசை நிறைந்துவிடும், நாலு பிட் சிப் என்றால் பதினாறு வேண்டும். அந்த மலிவு ஸ்டிக்கில் இருந்த பதினாறும் சேர்ந்து ஒரே வரிசை. சாதாரண 8 ஜிபி ஸ்டிக்கில் அதே பதினாறு, எட்டு எட்டாக இரண்டு வரிசை. இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் 8 பிட், 16 பிட் சிப்புகளைத்தான் எடுக்கும், 4 பிட்டை எடுக்காது. இன்டெலுக்குப் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் அந்தக் காலத்து ப்ராசசர்களில் ரேமைக் கையாண்ட மெமரி கண்ட்ரோலர் 4 பிட்டையும் எடுத்துக்கொள்ளும். நாலு பிட் சிப்புகள் பெரும்பாலும் சர்வர் மெமரியில் போடப்படுபவை. அவற்றை டெஸ்க்டாப் ஸ்டிக்கில் ஏற்றி, ஏஎம்டிக்கு மட்டும் என்று மலிவாக விற்கிறார்கள். அந்த ஆர்டர் பக்கத்தைத் திரும்பத் திறந்து பார்த்தோம். கீழே, படங்களையெல்லாம் தாண்டி, விவரத்தின் கடைசியில் "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" என்று ஒரு வரி இருந்தது. தலைப்பில் இல்லை, படத்தில் இல்லை. என்னைக் கேட்டால் அது தலைப்பிலேயே, விலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டிய வரி. பதினெட்டு வயசுப் பெண் தன் வீட்டுக்காக முதல் தடவையாக ஒரு பாகம் வாங்குகிறாள், அவள் எதைப் பார்த்து வாங்குவாள்?

அந்த எண்ணைப் படித்த நிமிஷத்திலிருந்துதான் இதை எழுதியே ஆக வேண்டும் என்று இருந்தது. அக்கா குடும்பத்துக்குப் படிப்பறிவு இல்லாமல் இல்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்துத்தான் வாங்கினாள், 8 ஜிபி, டிடிஆர்3, 1600, டெஸ்க்டாப். அவளுக்குத் தெரிந்த அத்தனை விவரமும் பொருந்தியது. பொருந்தாத ஒன்று இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரிய வழியில்லாமல் இருந்தது.

லேபிளில் அந்த ஒரு வரி

நம் ஊரில் கப்சாய் மோட்டார்சைக்கிளுக்கு டயர் மாற்றப் போகிறவர் யாரும் "டயர் ஒண்ணு குடு" என்று கேட்பதில்லை. பழைய டயரின் ஓரத்தில் 70/90-17 என்று இருப்பதைப் பார்த்து அதைச் சொல்லிக் கேட்கிறார், அல்லது கடைக்காரரே குனிந்து பார்க்கிறார். ரேமுக்கும் அதே மாதிரி ஒரு வரி உண்டு. நல்ல கம்பெனி ரேம் எதை எடுத்தாலும், குறிப்பாக அலுவலகக் கணினிகளோடு வருகிற சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஸ்டிக்குகளில், இப்படி இருக்கும்: 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி3-12800யு. லேபிளில் இது ஆங்கில எழுத்தில் இருக்கும், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அக்கா வீட்டுப் பழைய ஸ்டிக்கில் இருந்ததும் இதே வரிதான்.

முதலில் அளவு, அது எல்லோருக்கும் தெரியும். அடுத்து 1ஆர் என்பது எத்தனை வரிசை, எக்ஸ்8 என்பது நான் மேலே சொன்ன எட்டு பிட் சிப். இங்கே எக்ஸ்4 என்று இருந்தாலோ, இந்த வரியே இல்லாமல் இருந்தாலோ, இன்டெல் கணினிக்கு அதை வாங்காதீர்கள். எக்ஸ்16 என்று இருந்தால் வேலை செய்யும், ஆனால் நாலு சிப்பை வைத்தே முடித்துவிடுவார்கள், கொஞ்சம் மெதுவாக இருக்கும். அதுவும் மலிவு ரகத்தில் அடிக்கடி வரும். பிசி3 என்றால் டிடிஆர்3, 1.5 வோல்ட். பிசி3எல் என்று எல் சேர்ந்தால் 1.35 வோல்ட். பிசி4 என்றால் டிடிஆர்4, 1.2 வோல்ட். 12800 என்பது வேகத்தை எட்டால் பெருக்கியது, 1600 எட்டு தடவை 12800. டிடிஆர்4-ல் சில லேபிளில் 2666, 3200 என்று நேராகவே எழுதுவார்கள், சிலதில் 21300, 25600 என்று பெருக்கி எழுதுவார்கள். இந்த எண்ணைப் பார்த்துப் பலர் மிரண்டுபோகிறார்கள், ஆனால் இதுதான் அந்த வரியிலேயே குறைவாகத் தொந்தரவு தருகிற பகுதி. போர்டு தாங்குவதைவிட வேகமான ரேமைப் போட்டால் போர்டின் வேகத்துக்கு இறங்கி ஓடும், அவ்வளவுதான்.

கடைசி எழுத்தைத்தான் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது. யு என்றால் சாதாரண டெஸ்க்டாப். எஸ் என்றால் மடிக்கணினிக்கான சின்ன ஸ்டிக், அது ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது, அதனால் ஆபத்தில்லை. ஆர் என்றால் சர்வர் ரேம். இதுதான் இன்னொரு பெரிய கண்ணி, ஏனென்றால் டிடிஆர்4-ல் சர்வர் ஸ்டிக்கும் டெஸ்க்டாப் ஸ்டிக்கும் 288 பின், வெட்டும் ஒரே இடத்தில். அமுக்கினால் அழகாக உட்காரும், திரை வராது. சர்வர்களைக் கழிக்கும்போது இவை மூட்டை மூட்டையாக வெளியே வருவதால் 16 ஜிபி, 32 ஜிபி எல்லாம் மலிவாகக் கிடைக்கும், ஆசை வராமல் இருக்காது. சீனாவிலிருந்து வருகிற எக்ஸ்99 போர்டுகளில் ஜியான் என்கிற சர்வர் ப்ராசசரோடு போட்டால் நன்றாகவே ஓடும் என்பது வேறு கதை, அதைத் தெரிந்து கட்டுகிறவர்கள் கட்டட்டும். தாமான் வீட்டு அலுவலகப் பெட்டிக்கு அது ஆகாது.

ஆறாம் தலைமுறை என்றால்

நாலாம் தலைமுறை என்றால் டிடிஆர்3, எட்டாம் தலைமுறை என்றால் டிடிஆர்4, சந்தேகமில்லை. நடுவில் ஆறாம் தலைமுறையில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 2015-ல் வந்த அந்த ப்ராசசர்கள் டிடிஆர்4-ஐயும் எடுக்கும், 1.35 வோல்ட் வகையான டிடிஆர்3எல்லையும் எடுக்கும். எதை எடுக்கும் என்பதைப் போர்டு செய்தவர்கள் தீர்மானித்தார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3040, 7040 இரண்டிலும் ஐ5-6500 இருக்கலாம், வெளிப்பெட்டியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 3040-ல் டிடிஆர்3எல், 7040-ல் டிடிஆர்4. "ஆறாம் தலைமுறை என்றால் டிடிஆர்4" என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொன்னதைக் கேட்டு டிடிஆர்4 வாங்கி வந்த ஒரு தம்பி, அது உட்காரவில்லை என்று கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். தெய்வாதீனமாக ஸ்லாட் உடையவில்லை. வெட்டு இடம் மாறி இருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் உட்காராது, அழுத்தவும் கூடாது. இன்னொரு அடையாளமும் உண்டு: டிடிஆர்4 ஸ்டிக்கின் அடிப்பக்கம் நேர்கோடாக இருக்காது, நடுவில் லேசாகப் புடைத்து ஓரங்களில் ஏறியிருக்கும். கையில் எடுத்ததும் தெரிந்துவிடும்.

அந்த டிடிஆர்3எல் ஆறாம் தலைமுறைப் பெட்டிகளுக்குக் கையில் கிடைத்த பழைய 1.5 வோல்ட் டிடிஆர்3-ஐப் போடுகிற பழக்கம் ஒன்றும் இருக்கிறது. உட்காரும், பல நேரம் ஓடவும் செய்யும். ஆனால் இன்டெல் அந்தத் தலைமுறைக்கு 1.35 வோல்ட் என்றுதான் வரையறுத்திருக்கிறது, அதிக வோல்டேஜ் நாளடைவில் ப்ராசசரையே கெடுக்கலாம் என்று எச்சரித்தும் இருக்கிறது. அதனால் எல் எழுத்து இல்லாததை அந்தப் பெட்டியில் போட நான் சம்மதிப்பதில்லை, "ஓடுதே அண்ணே" என்று எத்தனை பேர் சொன்னாலும். நாலாம் தலைமுறையில் இந்தப் பயம் இல்லை. 1.35 வோல்ட் ஸ்டிக் 1.5-லும் ஓடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது, அதனால் இரண்டையும் கலந்துகூடப் போடலாம்.

எவ்வளவு தாங்கும் என்பதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நாலாம் தலைமுறைப் பெட்டிகளில் எச்81 சிப்செட் போர்டு என்றால் இரண்டு ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி, அதாவது 8 ஜிபி இரண்டு. "ஒரே ஸ்டிக்கில் 16 ஜிபி டிடிஆர்3" என்று யாராவது விற்றால் அந்தப் பெட்டிக்கு அது உதவாது. அதில் இருக்கிற சிப்பின் அடர்த்தியை அந்தத் தலைமுறை ப்ராசசர் எடுக்காது. இன்னும் பழைய ஜி41 போர்டு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அந்தப் போர்டுக்கு இனிச் செலவு செய்யாதீர்கள், அதற்கான ரேமைத் தேடி அலைகிற நேரத்துக்கு அது தகுதியில்லை. புதுசாகக் கட்டுகிறவர்களுக்குப் பிரச்சினை வேறு. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைப் போர்டுகள் டிடிஆர்4-லும் வருகின்றன, டிடிஆர்5-லும் வருகின்றன. இரண்டுக்கும் 288 பின்தான், வெட்டு மட்டும் வேறு, ஒன்றில் மற்றது உட்காராது. ஏஎம்டியின் ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும்தான், குழப்பமே இல்லை.

ஈப்போவில் நடந்தது

அக்காவையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஈப்போ யிக் ஃபூங் காம்ப்ளெக்ஸுக்குப் போனோம். கணினிக் கடைகளுக்குப் பேர்போன கட்டடம், எங்கள் ஊரிலிருந்து காடியில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பழைய ஸ்டிக்கைக் கையிலேயே கொண்டு போகச் சொன்னேன். பேச வேண்டியதை மகள்தான் பேசினாள். "இதே மாதிரி இன்னொண்ணு, 12800யு, எக்ஸ்8 சிப், ஏஎம்டி ஒன்லி வேணாம்" என்று அவள் சொன்னதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். டப்பாவைத் திறந்து, கழற்றி வைத்திருந்த பழைய ஸ்டிக்குகளில் தேடி, அதே 4ஜிபி 1ஆர்எக்ஸ்8 வரி இருந்ததை எடுத்துக் கொடுத்தார். கம்பெனி வேறு, ஹைனிக்ஸ். பரவாயில்லை. கம்பெனி ஒன்றாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள், அது கட்டாயம் இல்லை. இரண்டும் வேறாக இருந்தால் இரண்டில் மெதுவானது எதுவோ அந்த வேகத்துக்குப் போர்டு இரண்டையும் ஓட்டும். அவர் அங்கேயே ஒரு சோதனைப் பெட்டியில் சொருகித் திரை வருவதைக் காட்டி, ஒரு மாத வாரண்டியும் எழுதிக் கொடுத்தார். இருபது வெள்ளிக்குள் முடிந்தது. ஆயிரத்து இருநூறு வெள்ளி சொன்ன இடத்தில் நியாயமாக ஆகியிருக்க வேண்டிய செலவு அதுதான்.

வீட்டுக்கு வந்து இரண்டாவது ஸ்லாட்டில் சொருகியதும், இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், ஓட ஆரம்பித்தன. இதற்குத்தான் 8 ஜிபி ஒன்றைவிட 4 ஜிபி இரண்டு நல்லது என்று நான் சொல்வது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத இந்தப் பெட்டிகளில் திரைக்கான வேலையும் இதே ரேமிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, அதனால் பாதை இரண்டானால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நாலு ஸ்லாட் இருக்கிற போர்டு என்றால் பக்கத்துப் பக்கத்தில் சொருகாமல் ஒன்று விட்டு ஒன்று போட வேண்டும். பெரும்பாலான போர்டுகளில் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நாலாவதும், அலுவலகப் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கு நிறம் கொடுத்திருப்பார்கள், அல்லது பக்கத்தில் எண் இருக்கும். ஒன்று 4, ஒன்று 8 என்று ஏற்கனவே வைத்திருப்பவர்களும் பயப்பட வேண்டாம். இன்டெலில் 4-க்கு 4 சேர்ந்து இரட்டையாக ஓடும், மிச்சம் 4 ஒற்றையாக ஓடும்.

போட்டு முடித்ததும் அன்றிரவே ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86+ நிரலை ஒரு பென் டிரைவில் ஏற்றி ஓட விட்டோம். பழைய ரேம் வாங்கினால் இதை விடவே கூடாது. திரை வந்துவிட்டது என்பதாலேயே ரேம் நல்லது என்று ஆகிவிடாது. ஒரே ஒரு இடம் கெட்டிருந்தாலும் அது என்றைக்கோ ஒரு நாள் கோப்பைக் கெடுக்கும், அதுவும் கெர்ஜா குர்சுஸ் சமர்ப்பிக்கிற வாரத்தில் கெடுக்கும். காலையில் ஒரு சிவப்பு வரியும் இல்லாமல் இருந்தது.

இந்தப் பெட்டிக்குச் செலவு செய்யலாமா

இதைக் கேட்காமல் யாரும் விடுவதில்லை, கேட்கவும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக எட்டாம் தலைமுறை இன்டெலிலிருந்துதான். நாலாம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகள் அந்தக் கணக்கில் வெளியே நிற்கின்றன. அதனால் நான் சொல்வது, ரேமுக்கும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான ஒரு எஸ்எஸ்டிக்கும் சேர்த்து நூறு வெள்ளியைத் தாண்டாமல் முடியும் என்றால் செய்யுங்கள், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மிண்ட் போட்டால் பள்ளி வேலை எல்லாம் தாராளமாக நடக்கும். அதற்கு மேல் போகும் என்றால் அந்தக் காசை எட்டாம் தலைமுறைப் பழைய பெட்டி ஒன்றுக்குச் சேர்த்து வையுங்கள். 16 ஜிபி போட வேண்டும் என்று யாராவது உங்களைத் துரத்தினால், வீடியோ எடிட்டிங் செய்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது நேரமும் சரியில்லை. 2025-இன் பிற்பாதியிலிருந்து மெமரி விலை ஏறிவிட்டது. உலகத்தில் ரேம் சிப் செய்கிறவர்கள் முக்கியமாக மூன்றே கம்பெனிகள், அவர்கள் ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்குத் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் 2025 டிசம்பரில், நமக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த க்ரூஷியல் என்கிற பெயரில் சில்லறை வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. விலை ஏறும்போது மலிவாகத் தெரிகிற எதையும் கை தேடிப் போகும். எக்ஸ்4 ஸ்டிக்குகளும், ஆர் எழுத்துச் சர்வர் ஸ்டிக்குகளும், லேபிளே இல்லாத ஸ்டிக்குகளும் இந்த நேரத்தில்தான் வீடு வந்து சேரும். அதனால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

கணினியைத் திறக்கப் பயமாக இருந்தால் திறக்காமலே பாதி விவரத்தைப் பார்க்கலாம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் வேகம், மொத்தம் எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை நிறைந்திருக்கிறது எல்லாம் இருக்கும். சிபியு-இசட் என்ற இலவச நிரலில் எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால் டிடிஆர் எத்தனை, எத்தனை வரிசை, எந்தக் கம்பெனி, அதன் பாக எண் வரைக்கும் வரும். அந்தப் பாக எண்ணை அப்படியே தேடினால் விலையோடு கிடைக்கும். பெட்டியின் மாடல் தெரிந்தால் கிங்ஸ்டன் தளத்தில் மாடலைக் கொடுத்துச் சேரும் ரேம்களைப் பார்க்கலாம். போர்டு கம்பெனிகள் சோதித்த ரேம் பட்டியல் என்று ஒன்றைப் போடுவார்கள், அதில் இல்லாவிட்டால் சேராது என்று அர்த்தமில்லை, அவர்கள் அதைச் சோதிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் இது எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த வழி, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்சம் இருப்பதை இறக்கிவிட்டு, இரண்டு பக்கத்துக் கொக்கியையும் தள்ளி, ஸ்டிக்கைக் கழற்றி லேபிளைப் படம் எடுத்துக்கொள்வதுதான். அப்படியே தங்க நிற முனைகளைப் பள்ளிக்கூட அழிப்பானால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு அந்த முனைகள் மங்கிப்போய், ரேம் கெட்டுவிட்டது என்று நினைத்த கணினிகள் அந்தத் துடைப்பிலேயே எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது விற்பவரிடம் சிப்பின் படம் கேளுங்கள், லேபிளின் படம் மட்டும் போதாது. லேபிளை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். சாம்சுங் டிடிஆர்3 சிப்பில் 4ஜி-க்குப் பிறகு 04, 08, 16 என்று வரும். ஹைனிக்ஸ் என்றால் எச்5டிக்யூ4ஜி-க்கு அடுத்த எண்ணைப் பாருங்கள், 4 என்றால் நாலு பிட், 8 என்றால் எட்டு பிட், 6 என்றால் பதினாறு. "இன்டெல் போர்டுக்குச் சேருமா, சேரலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா" என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

அக்கா வீட்டு ஏஎம்டி ஸ்டிக் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. திருப்பி அனுப்பும் நாள் தாண்டிவிட்டது, ஆனால் அது கெட்ட ரேம் இல்லை. ஏஎம்3 சாக்கெட், டிடிஆர்3 போடுகிற பழைய ஏஎம்டி கணினி சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கொண்டு வந்து சொருகிச் சோதித்துத் தருகிறேன். அக்கா காசு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், படிக்கிற பிள்ளை இருக்கிற வீடாக இருந்தால் போதுமாம்.